முப்பத்தாறு பேருக்கும் ஒரே தாத்தா

முதல் தாளைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் எனக்கு வந்த கோபத்தின் அளவு உங்களுக்குப் புரியாது.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ப்ராஜெக்ட்டுக்கு. பாடப்புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே ஆங்கிலத்தில் எதையாவது எழுதலாம், நடிக்கலாம், ஒட்டலாம், உளறலாம். அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் வாரம் முழுக்க இலக்கணத்தோடு மல்லுக்கட்டுகிறேன். அந்த வருடத்தின் முதல் ப்ராஜெக்ட் 'என் குடும்பத்தில் ஒருவர்'. ஒரு பக்கம், சொந்தமாக.

முதல் தாள் நொச்சிக்குப்பத்துப் பையனுடையது. அவன் தாத்தா பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தாராம். கடைச் சுவரில் ஒரு கடிகாரம். அதைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளியே வைத்திருப்பாராம். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்துப் பதறி ஓடுவார்களாம். 'என் கடிகாரத்தைப் பார்த்தவன் எவனும் பஸ்ஸை விட்டதில்லை' என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். படித்து முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பத்துக்குப் பத்து போட்டேன். 'பிரமாதம்' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு வேறு இழுத்தேன்.

இரண்டாவது தாள் கச்சேரி ரோட்டுப் பெண்ணுடையது. அவளுடைய தாத்தாவும் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சரி, அந்தக் காலத்தில் நிறையப் பேர் வைத்திருந்திருப்பார்கள். ஆனால் அந்தக் கடையிலும் ஒரு கடிகாரம் இருந்தது, அதுவும் பத்து நிமிடம் முன்னால் ஓடியது. நாலாவது தாளில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் வகுப்பில் இருப்பது முப்பத்தாறு பிள்ளைகள். முப்பத்தாறு பேருக்கும் ஒரே தாத்தா.

இத்தனைக்கும் நொச்சிக்குப்பத்துப் பையனின் தாத்தாவை எனக்கு நன்றாகவே தெரியும். தினமும் மீன் கூடை கட்டிய வண்டியில்தான் பேரனைக் கொண்டுவந்து விடுவார். சாகவெல்லாம் இல்லை, அன்று காலைகூட எனக்கு வணக்கம் சொன்னார். கச்சேரி ரோட்டுத் தாத்தா ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. பெற்றோர் கூட்டத்தில் அரை மார்க்குக்கு அரை மணி நேரம் வாதாடுகிறவர். அவர் ஆயுளில் ஒரு பங்ச்சர் ஒட்டியிருக்க மாட்டார்.

"யார் எழுதிக் குடுத்தாங்க?" என்று வகுப்பில் கேட்டேன். ஒருவரும் பயப்படவில்லை. "அக்கா கடை, மிஸ்" என்றார்கள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

மந்தைவெளி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அம்மாக்கள் தலைப்பை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் போதும், சாயங்காலம் ப்ராஜெக்ட் தயாராகிவிடும். எல்லாப் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலும் இப்படி ஒரு கடை இருக்கிறது என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் என் வெள்ளிக்கிழமையில் வந்து கைவைத்துவிட்டார்களே என்றுதான் ஆத்திரம்.

விஷயம் தலைமையாசிரியையின் காதுக்கும் போனது. மேஜைமேல் முப்பத்தாறு தாத்தாக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இதுக்கு எதுக்கு ஒரு பீரியட்? கணக்கு டீச்சர் கேட்டுண்டே இருக்கார். ஓப்பன் டே அன்னிக்கு வந்து பாப்பேன். கடையில பண்ணின தாள் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும், அடுத்த வாரத்திலேர்ந்து வெள்ளிக்கிழமை கணக்குக்குப் போயிடும்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பெற்றோர் வந்து பிள்ளைகளின் வேலைகளைப் பார்க்கும் அந்த ஓப்பன் டேவுக்கு ஆறு வாரம் இருந்தது. நானும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். தெருவில் ஒருவரைப் பேட்டி எடுத்து வாருங்கள் என்றேன். முப்பத்தாறு பேரும் ஒரே இளநீர்க்காரரைப் பேட்டி எடுத்து வந்தார்கள். அவர் முப்பத்தாறு தடவையும் தனக்குப் பிடித்த பானம் டீ என்றே சொல்லியிருந்தார். சரி, எழுதவே வேண்டாம், வீட்டில் கிடக்கும் பிஸ்கட் கவர், சோப்பு டப்பா, கல்யாணப் பத்திரிகை என்று ஆங்கிலம் அச்சடித்த ஏதாவது ஆறு பொருளைக் கொண்டு வாருங்கள், வகுப்பில் வைத்து அதிலிருந்து கதை பண்ணலாம் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஆறு பொருள், ஒழுங்காகக் கத்தரித்து அடுக்கியிருந்தது. உறையின் மேலே 'ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் செட்' என்று லேபிள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு கோபத்தைத் திரும்ப வரவழைக்கச் சற்று நேரம் பிடித்தது. பள்ளி விட்டதும் நேராக மந்தைவெளிக்கு நடந்தேன்.

சின்னக் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், தொங்கவிட்ட சார்ட் பேப்பர் சுருள்கள். முப்பது வயதுப் பெண் ஒருத்தி காதில் பேனாவைச் செருகிக்கொண்டு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்து, ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் ப்ராஜெக்ட் ஒன்று வேண்டும் என்றேன்.

"எந்த ஸ்கூலு, எந்த மிஸ்ஸு?"

சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "அந்த மிஸ்ஸுக்கா? அப்போ நாளைக்கி வாங்க. அதுக்கு டைம் ஆவும்."

"ஏன், மத்தவங்களுக்கு உடனே குடுக்கறீங்க?"

"மத்த மிஸ்ஸுங்கல்லாம் அட்டைய பாத்துட்டு மார்க்கு போட்ருவாங்க. இந்த மிஸ்ஸு உள்ள படிக்கும். பார்டர் போட்டா புடிக்காது. ஜிகினா ஒட்னா அரை மார்க்கு கட். பொய்யா எழுதுனா பக்கத்துலயே 'நெஜமாவா'ன்னு கேட்டு எழுதிக்கினு வரும்."

பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இருந்தாலும் விடவில்லை. "தலைப்பை எழுதிட்டுப் போங்க" என்று அவள் ஒரு துண்டுத்தாளை நீட்ட, வாயில் வந்த ஒரு தலைப்பை எழுதிக் கொடுத்தேன்.

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"மிஸ்... நீங்களா?"

என் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து, திட்டுவதற்காகத் தயார் செய்து வந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. அவள் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தடிமனான ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தாள். திறந்து பார்த்தேன். உள்ளே முழுக்க என் சிவப்பு மை.

நான் திருத்திக் கொடுக்கும் ப்ராஜெக்ட்களைப் பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கி நாலு வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். அத்தனையும் பிள்ளைகளே எழுதியவை என்று நம்பித்தான் திருத்தியிருக்கிறேன். முதல் வருடத்துத் தாள்களில் அவள் எழுதியதைவிட நான் எழுதியது அதிகம். அடுத்த வருடம் சிவப்பு குறைகிறது. அதற்கடுத்த வருடம் ஓரத்தில் மட்டும். கடைசியில் இருந்தது அந்தத் தாத்தா. என் 'பிரமாதம்', இரண்டு கோட்டோடு. அதை மட்டும் லேமினேட் செய்திருந்தாள்.

"பன்னெண்டாவதோட என் படிப்ப நிறுத்திட்டாங்க மிஸ். தமிழ் மீடியம். கடை வெக்கும்போது இங்கிலீஷ்ல நாலு வரி எழுத வராது. ஒரு தடவை பண்ண தப்ப அடுத்த தடவை பண்ணக்கூடாதுன்னு உங்க திருத்தத்தல்லாம் படிப்பேன். அந்த தாத்தா மட்டும் நெட்ல எடுக்கல. எங்க தாத்தாதான். அது நல்லா வந்துச்சேன்னு எல்லாருக்கும் அத்தயே குடுத்துட்டேன், அதான் தப்பாயிடுச்சி."

நிமிர்ந்து பார்த்தேன். ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே பழைய மரச்சட்டக் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். சரியாகப் பத்து நிமிடம் முன்னால்.

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை பீரியட் பறிபோகப் போவதை அவளிடம் சொன்னேன். சண்டை போட வந்த இடத்தில் புலம்பிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. அவள் பேனாவைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் தட்டிக்கொண்டே யோசித்தாள்.

"நீங்க கேக்கறதுல்லாம் என்னால எழுத முடியுது மிஸ். அதான் பிரச்சன. எனக்குத் தெரியாதத கேளுங்க. காலைல ஆறு மணிக்கி அந்த பசங்க வூட்ல இன்னா சத்தம் கேக்கும்? எனக்கு எப்டித் தெரியும்? அவங்கதான் சொல்லணும்."

இத்தனை பயிற்சி வகுப்புகளுக்குப் போய் வந்திருக்கிறேன். ஒருவரும் இப்படி ஒரு யோசனை சொன்னதில்லை. மறுநாளே கடை வாசலில் அட்டை தொங்கியது: 'ஏழாவது இங்கிலீஷ் ப்ராஜெக்ட் இங்கு செய்யப்பட மாட்டாது.' அம்மாக்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். நான் சந்தோஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த ஆறு மணிச் சத்தத்தையே தலைப்பாகக் கொடுத்தேன். பிள்ளைகள் எழுதி வந்தார்கள். கோணல் மாணல் எழுத்து, பாதிக்குப் பாதி தப்பு, எல்லாம் அவரவர் வீடு. நொச்சிக்குப்பத்துப் பையன் ஐஸ் பாளத்தைக் கட்டையால் உடைக்கும் சத்தத்தை எழுதியிருந்தான். ஒருத்தியின் வாப்பா தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கினால் கீழ்வீட்டு நாய் குரைக்குமாம். பேங்க் தாத்தா ஆறு மணிக்குப் பாத்ரூமில் பாடுவாராம், வீட்டில் எல்லோரும் தலையணையால் காதை மூடிக்கொள்வார்களாம். கோட்டூர்புரம் ஆற்றோரத்திலிருந்து ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்ட ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'ஆறு மணிக்கு நான் வீட்டில் இல்லை, பஸ்ஸில் இருப்பேன். ஜன்னல் கண்ணாடி என் தலையில் டக் டக் என்று இடிக்கும். அதுதான் என் வீட்டுச் சத்தம்.' சிவப்புப் பேனாவை மூடிப் பையில் போட்டேன். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

ஓப்பன் டே காலையில் வகுப்பில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தாள்களைத் தொங்கவிட்டோம். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு.

"அக்கா குட்தாங்க மிஸ்" என்றான் நொச்சிக்குப்பத்துப் பையன். "ஒரு ஓரமா மாட்ட சொன்னாங்க. நீங்க திருத்தணுமாம்."

படித்தேன். கழற்றிப் பைக்குள் வைத்துவிடலாம் என்று கை போனது. கடையில் பண்ணின தாள் ஒன்றே ஒன்று என்று தலைமையாசிரியை சொன்னது காதில் ஒலித்தது. அந்தத் தாளைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தலைமையாசிரியை ஒவ்வொரு தாளாகப் படித்துக்கொண்டு வந்தார். பேங்க் தாத்தாவிடம் வாய்விட்டுச் சிரித்தார். பஸ் ஜன்னலிடம் ரொம்ப நேரம் நின்றார். கடைசித் தாளுக்கு வந்ததும் நெற்றி சுருங்கியது.

"இது பெரியவா எழுத்து. கடையில எழுதினதா?"

"ஆமா மேடம். கடையிலதான் எழுதினது. படிச்சுப் பாருங்க."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: 'என் கடையில் ஆறு மணிக்குக் கேட்பது ஒரு கடிகாரத்தின் சத்தம். அது அடிக்கும்போது உண்மையில் ஐந்து ஐம்பதுதான். அந்தப் பத்து நிமிடம் என் தாத்தா எனக்கு விட்டுப்போனது. இத்தனை நாள் அதில் மற்றவர்கள் வீட்டுக் கதையை எழுதினேன். இந்த வாரம் யாரும் வரவில்லை. அதனால் என்னுடையதை எழுதினேன்.'

அவர் அதை இரண்டாவது தடவையும் படித்தார். கிளிப்பைச் சரிசெய்து தாள் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தார்.

"கணக்கு டீச்சர்கிட்ட நானே சொல்லிக்கறேன். வெள்ளிக்கிழமை உங்களண்டையே இருக்கட்டும்" என்று இரண்டடி நடந்தவர் திரும்பினார். "நன்னா எழுதியிருக்காளே. இவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்" என்றேன்.