அங்கஹீனமான கார்

திருவனந்தபுரத்தில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை. பங்குனி வந்தால் குழாயைத் திறந்ததும் வெந்நீர் கொட்டுகிற ஊர் இது. ஆனாலும் என் அத்திம்பேரின் பழைய காரில் ஹீட்டர் உண்டு. வாங்கிய நாள் முதல் அதை அவர் போட்டதில்லை. கெட்டுப்போன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது அவருக்கு.

கெட்டது ஒரு வால்வு. எஞ்சினின் கொதிநீர் ஹீட்டருக்குள் போகாமல் அடைத்துக்கொண்டிருந்த, உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக். அது விரிசல் விட்டு, திறந்தபடியே நின்றுவிட்டது. உள்ளே ஓயாமல் அனல் காற்று, கீழே ஓயாமல் ஒழுக்கு. ஏ.சி. போட்டால் அனல் கொஞ்சம் மரியாதையாக வந்தது, அவ்வளவுதான்.

இந்த அடுப்புக்குள் உட்கார்ந்துதான் என் அக்கா டயாலிசிஸுக்குப் போய்வந்தாள். சிறுநீரகம் கைவிட்டுவிட்டதால் அவளுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. தாகம் எடுத்தால் உதட்டை நனைத்துக்கொள்ளலாம், குடிக்கக் கூடாது. துணைக்குப் பின்சீட்டில் நான். ஆட்டோ பிடிக்கலாம் என்றால், வீட்டில் கார் இருக்கும்போது ஆட்டோ எதற்கு என்பார் அத்திம்பேர். அவர் மனசு நோகக் கூடாதென்று அக்காவும் ஏறி உட்கார்ந்துவிடுவாள். மகா பதிவிரதை.

சாலைக் கடைத்தெரு பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நாகர்கோவில்காரரிடம் காட்டினோம். புது வால்வு கிடைக்கத் தாமதமாகும், ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் நேராக இணைத்து ஹீட்டரையே விலக்கிவிடலாம் என்றார். "இந்த ஊர்ல ஹீட்டர் யாருக்கு சாரே வேணும்?" என்றும் கேட்டார்.

அத்திம்பேர் மாட்டேன் என்றுவிட்டார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை கண்ட கார் அது. விரல் உடைந்த விக்கிரகம் பூஜைக்கு ஆகாது. அதேபோல் ஓர் உறுப்பை விலக்கினால் கார் அங்கஹீனமாகிவிடுமாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட அவரை விட்டால் ஆள் கிடையாது. தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தபோது மட்டும் எந்த விக்கிரகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆக, ஒரிஜினல் வால்வுக்குச் சொல்லிவைத்துவிட்டு, கேனில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புவோம். பாதி வழியில் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, சூடு ஆறும்வரை நின்று, ரேடியேட்டரில் மெல்ல மெல்ல ஊற்றுவார். குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதுபோல அத்தனை பதவிசு.

ஒரு மத்தியானம் திரும்பி வரும்போது கிழக்கேகோட்டை தாண்டுவதற்குள் மறுபடி நிறுத்தினார். அக்கா ஈரக் கைக்குட்டையை உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அதுவும் காய்ந்துபோயிருந்தது. அவர் ஊற்றி முடித்து, காலி கேனோடு ஜன்னல் பக்கம் வந்து, இனிமேல் கவலையில்லை என்றார்.

"ன்னா, அடுத்த ஜன்மத்துல நான் உங்க காராப் பொறக்கணும்," என்றாள் அக்கா. "வாய் வறண்டா உடனே தண்ணி விடுவேள்."

குரலில் கோபமே இல்லை. அத்திம்பேர் காலி கேனை டிக்கியில் போட்டார். பிறகு அவரே கைகாட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். காரை நேரே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வந்து, ஹோஸை இணைத்தாகிவிட்டது என்றார். கழற்றிய வால்வைப் பழைய வேஷ்டித் துண்டில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறார். உறுப்பு காரிலேயே இருப்பதால் அங்கஹீனம் இல்லையாம்! நான் வாய்விட்டே சிரித்தேன். இன்னமும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறேன்.

கார் இப்போது தண்ணீர் கேட்பதில்லை. அக்கா கேட்கிறாள், கொடுக்க முடியாது. எந்நேரமும் தண்ணீர் குடிக்கிற அத்திம்பேர், அன்றிலிருந்து அவளோடு போய்வரும் வழியில் ஒரு மடக்குக்கூடக் குடிப்பதில்லை. அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லிச் சிரிப்பதில்லை.