நாலு விரற்கடை குறைந்த கதவு

எங்கள் அடுக்ககம் எழும்பிய வேகத்தைப் பார்த்து நானே வாய் பிளந்து நின்றிருக்கிறேன். பூந்தமல்லியைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய இடம். தொழிற்சாலையில் வார்த்த சுவர்கள் லாரியில் வந்து இறங்கும், கிரேன் தூக்கி வைக்கும், அடுத்த மாதம் போனால் இன்னும் இரண்டு மாடி ஏறியிருக்கும். அதுவரை ஒழுகும் வாடகை வீட்டில் குப்பை கொட்டியவன் நான். சொன்ன தேதிக்குச் சாவி கொடுத்தார்கள். இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெறும் வயிற்றெரிச்சல் என்பார்கள்.

போன மழைக்காலத்தில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து சக்கர நாற்காலியில் கூட்டிவந்தோம். லிஃப்டில் ஏறிய நாற்காலி, வாசலில் நுழைந்த நாற்காலி, பாத்ரூம் கதவில் மாட்டிக்கொண்டது. நாலு விரற்கடை போதவில்லை. கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டேன். அப்படியும் நுழையவில்லை.

இடித்து அகலப்படுத்த ஒரு கொத்தனாரை அழைத்துவந்தேன். காவலாளி கீழேயே தடுத்துவிட்டார். பிறகு கட்டட நிறுவனத்தின் இன்ஜினியர் வந்து சுவரைத் தட்டிக் காட்டினார். இது செங்கல் இல்லை, சுவர்தான் கட்டடத்தையே தாங்குகிறது, இதில் கைவைத்தால் மேலே இருக்கிற வீடுகளுக்கெல்லாம் ஆபத்து என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. வார்க்கும்போதே கொஞ்சம் அகலம் வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டேன்.

“எல்லா வீட்டுக்கும் ஒரே அச்சு சார். அளவு மாத்தினா செலவு ஏறும்.”

அந்த அச்சைப் போட்டவன் கணக்கில் கால் நன்றாக இருப்பவர்கள் மட்டும்தான் மனிதர்கள். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் இதே கதவுதான். அங்கேயும் யாராவது ஒருநாள் விழத்தான் போகிறார்கள். கொத்தனார் ஒரு வீட்டில் தப்புச் செய்தால் இடித்துத் திருத்தலாம். இவர்கள் தப்பையே வார்த்து மாடி மாடியாக அடுக்கிவிட்டார்கள்.

இப்போது நாற்காலியைக் கதவருகே நிறுத்தி, அம்மாவைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மனைவி வீட்டிலிருந்தால் அவளும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து தூக்குவார்கள். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் நான். மகன் தூக்கும்போது அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள்.

போன வாரம் சாப்பாட்டோடு தண்ணீர் வைத்தேன். சொம்பைத் தள்ளி வைத்தாள்.

“தாகமே இல்ல நைனா. உட்டுடு.”

உதடு வெடித்திருந்தது, நல்ல வெயில் வேறு. சாயங்காலம் மனைவி வந்ததும் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் நாட்களில் அம்மா விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம்.