வசந்தா அக்கா வீட்டுப் பொங்கல்

மகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது மதுரையிலிருந்து எதிர்வீட்டு வசந்தா அக்காவின் கணவர் ராமநாதன் அண்ணன் கூப்பிட்டார். "உங்க அக்கா போயிட்டாம்மா" என்றார். சிகிச்சைக்காக ஊருக்குப் போன அக்கா, குணமாகித் துபாய் அல் குசைஸுக்குத் திரும்பிவிடுவார் என்றே நம்பியிருந்தேன். நம் கட்டடத்தில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. அவர் கையால் சாப்பிடாதவர்கள் அதைவிடக் குறைவு. இங்கேயே குடியிருக்கும் உங்களுக்கெல்லாம் இது தெரியும்.

எங்கள் எதிர்வீடான அவர் வீட்டில் முன்பு பொங்கல் வைக்க மாட்டார்கள். அண்ணனின் சித்தப்பா ஒரு பொங்கலன்று இறந்துபோக, அதோடு அந்தக் குடும்பத்தில் பண்டிகை நின்றது. மறுபடி வைக்க வேண்டுமானால், வழக்கப்படி அதே நாளில் வீட்டில் ஒரு பிள்ளை பிறக்க வேண்டும், இல்லை மாடு கன்று போட வேண்டும். அதுவரை பானை ஏறக் கூடாது. "அல் ஐன் பண்ணையில ஒரு மாடு வாங்கி விடுவோமா?" என்று அண்ணன் கிண்டல் செய்வார். அக்கா சிரிக்க மாட்டார். "அந்த மனுசனை நான் பார்த்ததே இல்ல. ஆனா மருமகளா வந்தப்பவே அவரோட துக்கமும் எனக்கு வந்திருச்சு" என்பார். அவருக்குப் பிள்ளை இல்லை.

எனக்குப் பிரசவ வலி கண்டது ஒரு பொங்கலன்று. என் கணவர் அபுதாபி சைட்டில் இருந்தார். அக்காதான் காரில் போட்டுக்கொண்டு போனார். வழியெல்லாம் சிக்னலைத் திட்டினார், நடுநடுவே என்னையும் திட்டினார். குழந்தையைக் கையில் வாங்கியபோது, நீங்கள் யார் என்று நர்ஸ் கேட்டார். "பெரியம்மா" என்று யோசிக்காமல் சொன்னார்.

அடுத்த பொங்கல் நெருங்கும்போது அக்கா ஊரிலிருந்த தன் கணவரின் அண்ணனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார், நான் பக்கத்தில் இருந்தேன்.

"பொங்கலன்னிக்கு நம்ம வீட்டுல புள்ள பொறந்திருக்கு. நான் பானை வைக்கப் போறேன், பெரியத்தான்."

"எதுத்த வீட்டுப் புள்ள எப்படிம்மா நம்ம கணக்குல வரும்? நம்ம ரத்தம் இல்லையே."

"மாடு கன்னு போட்டா மட்டும் கணக்குல வருதே. மாட்டுக்கு என்ன நம்ம ரத்தமா ஓடுது?"

"வையி. நாங்களும் இங்க வைக்கிறோம்" என்று எதிர்முனையில் குரல் வந்தது. போனை வைத்துவிட்டு அக்கா தேம்பித் தேம்பி அழுதார். அவரை அப்படி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தப் பொங்கலுக்கு அவர் அடுப்பில் பால் பொங்கியது. முதல் வாய் என் மகள் யாழினிக்கு. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான், இந்தக் கதையையும் சேர்த்து ஊட்டுவார்.

இப்போது மார்கழி. வழக்கம்போலப் பச்சரிசி, வெல்லம் வாங்கி வந்தேன். யாழினி பையைப் பார்த்துவிட்டு, "நமக்கு இந்த வருஷம் பொங்கல் கிடையாதுல்ல?" என்றாள்.

"துக்கம் அவங்க வீட்டுக்குத்தான்டா. நமக்கு இல்ல."

"பட் அம்மா, நான் அவங்க வீட்டுப் பொண்ணுன்னுதானே பெரியம்மா பொங்கலே வச்சாங்க? அப்போ எனக்கும்தானே?"

தன் பிறந்தநாளையே விட்டுக்கொடுத்துவிட்டு நின்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன்.

அக்கா எங்களுக்கு விட்டுப்போனது இந்த உறவைத்தான். வரும் தையில் எங்கள் அடுப்பில் பானை ஏறாது. ஏன் என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் ஒரு சாவு என்று சொல்வேன்.