உத்திராபதி மாமாவின் மூக்கு

சிதம்பரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உத்திராபதி என்றால் கார்புரேட்டர், கார்புரேட்டர் என்றால் உத்திராபதி. அவர் என் அக்கா ஞானாம்பாளின் புருஷன். அவருடைய ஷெட்டும் என் ஆட்டோ எலக்ட்ரிக் கடையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. இருபது வருஷமாகக் கூடவே இருந்தவன் சொல்கிறேன், மகா பிடிவாதக்காரர். கடைக்கு ஒரு போர்டு வைக்கச் சொன்னால், "வண்டி தானா வரும்டா மச்சான்" என்பார். வரவும் செய்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

வேலை முடிந்ததும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவார். பானட்டை மூடுவார். எதிர்க்கடையில் ஒரு டீ. திரும்பி வந்து பானட்டைத் தூக்கிய கையோடு தலையை உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுப்பார். சொட்டுச் சொட்டாக ஒழுகினால் யார் கண்ணுக்கும் தெரியும். சூட்டில் பட்ட உடனே ஆவியாகிவிடுகிற கசிவை மூக்குதான் பிடிக்கும் என்பது அவர் கட்சி. மோந்து பார்த்துவிட்டு "போவலாம் சார்" என்று சொல்லிவிட்டாரானால் அந்த வண்டியைக் கன்னியாகுமரி வரைக்கும் நம்பி ஓட்டலாம்.

அந்த மூக்கு கொரோனாவில் போய்விட்டது. இரண்டாவது அலையில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதத்தில் திரும்பி வந்த வாசனை அவருக்கு வரவே இல்லை. வீடே நாறுகிற மாதிரி அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் மனுஷன். அக்கா அன்றைக்கு அழுத அழுகை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"வெளிய தெரிஞ்சா ஒருத்தன் வண்டி வுடமாட்டான்டா. வேற வேலையும் எனக்குத் தெரியாது" என்றார் என்னிடம்.

அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். டீ குடித்துவிட்டு வந்து பானட்டைத் தூக்குகிற நேரத்தில், "மச்சான், பேட்டரி கொஞ்சம் பாரு" என்று குரல் கொடுப்பார். நான் போய்க் குனிவேன். பெட்ரோல் வாசனை வந்தால், "மாமா, அக்கா போன் பண்ணிச்சு" என்பேன். வராவிட்டால் எதுவும் பேசாமல் கடைக்குத் திரும்பிவிடுவேன். அப்புறம் அவர் ஊருக்காக ஒரு மூச்சு இழுத்துவிட்டு "போவலாம் சார்" என்பார். நாலு வருஷம் இப்படியே ஓடியது. "மாமாவுக்கு நான்தான் மூக்கு" என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மாமாவும் சிரிப்பார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

போன ஐப்பசியில் லூர்துசாமி சார் தன் அம்பாசிடரைக் கொண்டு வந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வண்டியைக் கழுவுவதுதான் அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு.

"நிறுத்தினா சொட்டுது உத்திராபதி. மைலேஜும் பாதியா போச்சு" என்றார்.

மாமா முதலில் கார்புரேட்டரை வெளியே சுத்தமாகத் துடைத்துவிட்டு, வண்டியை ஓடவிட்டு, எங்கே முதலில் ஈரம் வருகிறது என்று பார்த்தார். மேல்மூடி ஓரத்தில் வந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் விளிம்பு வரைக்கும் நின்றது. பாதிக்குச் சற்று மேலேதான் நிற்க வேண்டும். மிதவையை எடுத்துக் காதோரம் ஆட்டினார். உள்ளே ஏதோ குலுங்கியது. டீக்கடையில் வெந்நீர் வாங்கி அதில் முக்கியதும் மடிப்பு ஓரத்திலிருந்து குமிழி குமிழியாக வந்தது.

"ஊசி மொன அளவு ஓட்ட சார். மெதவைக்குள்ள பெட்ரோல் பூந்து கனமாயிட்டுது. அது மேல வந்தாத்தானே பெட்ரோல் வர்ற ஊசி வால்வு மூடும்? மூடல, அதான் வழியுது."

உள்ளே போன பெட்ரோலை முழுக்க வெளியேற்றிக் காயவைத்து, ஓட்டையின் மேல் ஈயத்தைத் தொட்டும் தொடாமலும் வைத்தார். ஜாஸ்தி வைத்தால் மிதவை மறுபடி கனத்துவிடும். ஊசி வால்வையும் வாஷர்களையும் புதிதாகப் போட்டார். "இப்ப வர்ற பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்கறதில்ல" என்று பைப்பையும் மாற்றினார். எல்லாம் பூட்டி ஓடவிட்டதும் எஞ்சின் சத்தமே மாறிவிட்டது. லூர்துசாமி சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பானட்டை மூடிவிட்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள்.

எனக்கு அப்போது இரண்டு நாளாக ஜலதோஷம். குமராட்சியில் ஒரு டிராக்டருக்கு வேலை செய்துவிட்டு மழையில் நனைந்து வந்ததில் பிடித்தது. இரண்டு மூக்கும் அடைத்து, வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். "மச்சான், பேட்டரி கொஞ்சம் பாரு" என்று குரல் வந்தது.

போனேன். குனிந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. கர்ப்பூரத்தைக் கொளுத்தி மூக்கில் வைத்திருந்தாலும் தெரிந்திருக்காது. "அக்கா போன் பண்ணிச்சு" என்று சும்மாவாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமா எல்லாவற்றையும் மறுபடி கழற்றுவார், நாலு தடவை கூப்பிடுவார். என் கடையில் ஒரு மினிபஸ்ஸின் செல்ஃப் மோட்டார் பிரித்தபடி கிடந்தது. டிரைவர் கத்திக்கொண்டிருந்தான். மாமா பார்த்த வேலையில் என்ன குறை இருக்கப் போகிறது என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் திரும்பிவிட்டேன்.

"போவலாம் சார்" என்ற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

புதுச்சத்திரம் தாண்டி வண்டி தீப்பிடித்துக்கொண்டது. ரோட்டில் போனவர்கள் மண்ணை வாரிப் போட்டிருக்கிறார்கள். ஒன்றும் மிஞ்சவில்லை. லூர்துசாமி சார் எப்படியோ வெளியே குதித்துவிட்டார். நானும் மாமாவும் போய்ப் பார்த்தோம். கார்புரேட்டர் இருந்த இடத்தில் உருகிய கட்டிதான் இருந்தது. எங்கே கசிந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நாலாம் நாள் லூர்துசாமி சார் பஸ்ஸில் வந்து இறங்கினார். வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரங்கிப்பேட்ட ரோடு தாண்டறப்பவே லேசா பெட்ரோல் வாசன வந்துச்சு உத்திராபதி. நீங்க மோந்து பாத்து அனுப்பின வண்டியாச்சேன்னு நிறுத்தாம ஓட்டினேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வயரிங் ஷார்ட் ஆனாலும் இப்படிப் புடிக்கும் இல்ல தம்பி? அப்படித்தான் இருக்கும்" என்றார். அவருக்கு மாமாவைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. அந்த வண்டிக்கு வயரிங் போட்டவன் நான் என்று அவருக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும்.

மாமா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் கடை பிழைத்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார்.

"வயரிங் இல்ல சார். எனக்கு மூக்கு போயி நாலு வருஷமாச்சு. அன்னிக்கு மோந்து பாத்தது சும்மா நடிப்பு. என் தப்புதான்" என்றார். என் பெயரை எடுக்கவே இல்லை.

லூர்துசாமி சார் கட்டுப் போட்ட கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் டீக்கடையில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மார்கழி பிறப்பதற்குள் ஷெட்டுக்கு வண்டி வருவது அடியோடு நின்றுபோனது. இப்போது மாமா ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். சாயங்காலம் அங்கே போய் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அன்றைக்கு என் மூக்கு அடைத்திருந்த உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் போகிறேன்.

போன வாரம் அவராகவே பேச்சை எடுத்தார். "மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு உனக்கு நெஜமாவே வாசன வரலதானே?"

"வரல மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப ஷெட்ட வுட்டுக் கெளம்பறப்ப கசிவு இல்லடா, நான் பூட்னது நடுவழியில வுட்டுப்போச்சு. அவ்ளோ நேரங்கூடத் தாங்கலன்னா என் கை வேலையும் போச்சுன்னுதானே அர்த்தம்? மூக்கு போனா போவுது, கை இருக்குதேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.