பல்லியின் இடது கால்

தொடையில் பட்டையைக் கட்டிவிட்டு அந்தப் பிசியோதெரபிப் பெண் முதுகைத் திருப்பினால் போதும், பல்லியின் விரல் தொடைக்குப் போய்விடும். ஒட்டியிருக்கும் நுனியைச் சத்தம் வராமல் பிரித்து, ஒரு விரற்கடை தளர்த்தி மறுபடி ஒட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல ஜன்னலைப் பார்ப்பார்.

மாடிக் கட்டடங்களுக்கு வெளிச்சுவரில் பெயின்ட் அடிப்பவர். எத்தனையாவது மாடியானாலும் சுவரோடு ஒட்டி நிற்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் பல்லி. அப்பேர்ப்பட்டவர் விழுந்ததென்னவோ சொந்த வீட்டு வாசற்படியில். முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்ததும் இடது தொடை சூம்பிவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் ஏணி ஏறிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்.

கனமான எடையை அந்த முட்டி தாங்காது. அதனால்தான் இந்த ஏற்பாடு: தொடையை இறுக்கி ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்திவிட்டு, கணுக்காலில் சின்ன மணல்பையோடு காலை நீட்டி மடக்க வேண்டும். சிறு எடைக்கே சதை ஏறிவிடுமாம்.

"ரத்தத்தக் கட்டிப்போட்டா சதை வளருமாம். யாரு காதுல பூ சுத்துறாங்க?" என்று மனைவியிடம் நக்கலடிப்பார். நக்கல் எல்லாம் வெளிவேஷம். உள்ளே பயம். சர்க்கரை நோயில் அவருடைய அப்பாவுக்குக் கால் போனது. முதலில் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, கடைசியில் கறுத்தது. எந்தச் சாயத்தையும் கண்பார்வையிலேயே கலக்கிற மனிதருக்கு அந்த நிறங்கள் மறக்குமா? பட்டை இறுகியதும் கால் பெருவிரலையே வெறிப்பார்.

"சிவப்புல ஊதா ஏறுதும்மா. உனக்குத் தெரியாது."

"உங்களுக்குச் சர்க்கரை இல்லன்னு பாத்துட்டுத்தாங்க கட்டுறேன். மரத்துப்போனா சொல்லுங்க, உடனே அவுத்துடறேன்."

தலையை ஆட்டுவார். அவள் திரும்பியதும் விரல் போய்விடும்.

இன்று அவள் நாடா வைத்துத் தொடையை அளந்தாள். நம்பாமல் மறுபடியும் அளந்தாள். "மத்தவங்களுக்கெல்லாம் ஏறுது. உங்களுக்கு மட்டும் ஏன் அப்படியே இருக்கு?"

"நீ அந்தப் பக்கம் போனதும் தளத்தி விட்டுடறாரும்மா" என்று மனைவி போட்டு உடைத்தாள்.

பல்லியின் முகம் செத்துவிட்டது. "எங்கப்பா கால எடுத்தப்ப நான்தான் கூட இருந்தேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"தெரியும். அதுக்காக இருக்கிற காலையும் இப்படியே விட்டுடுவீங்களா? ஏணியில யாரோ ஏறுவான், நீங்க கீழ நின்னு வாளி எடுத்துக் கொடுப்பீங்களா?" என்றாள் மனைவி.

அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "கட்டும்மா" என்றார்.

அந்தப் பெண் கட்டினாள். இறுக்கம் ஏற ஏற அவருக்கு நெற்றி வியர்த்தது. விரல்கள் தொடைப் பக்கம் நகர்ந்தன. சட்டென்று இரண்டு கைகளையும் பின்பக்கத்துக்கு அடியில் திணித்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டு, கண்களை மூடிக் காலை நீட்டினார்.