ட்வீட்டரைக் கொஞ்சம் திருப்பி வை

கார் ஸ்பீக்கர் மாட்டும் தொழிலில், பாட்டே வரவில்லை என்று வருகிறவரைச் சமாளித்துவிடலாம். பாட்டு வருகிறது, ஆனால் என்னமோ சரியில்லை என்று வருகிறவரிடம்தான் மாட்டிக்கொள்வோம்.

ரேடியோ, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி என்று அடுத்தவர் பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம், ஒரு பழைய கொப்பரைக் கிடங்கின் முன்அறையில் எனக்குக் கடை. கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவர்கள் ஆளுக்கொரு கார் ஸ்டீரியோ கொண்டுவந்த காலம். அந்த அட்டைப்பெட்டியின் அடியில் உள்ளங்கைக்குள் அடங்குகிற இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள் இருக்கும். அதுதான் ட்வீட்டர். ஜால்ரா, வளையல், பாடுகிறவர் மூச்சு இழுப்பது எல்லாம் அதில்தான் வரும். அந்தச் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். காதைப் பார்த்து வைத்தால் காதுக்குக் கேட்கும், முழங்காலைப் பார்த்து வைத்தால் முழங்காலுக்குத்தான் கேட்கும். எல்லோரும் கதவின் அடியில் மாட்டி வைத்துவிட்டு, பிறகு என்னிடம் வருவார்கள். நான் அதை மேலே கொண்டுவந்து, திருப்பி, காதுக்கு நேராக நிறுத்துவேன். சாய்வாக நிற்க மர வளையம் அறுத்துக் கொடுப்பது வர்கீஸ் சேட்டன். தச்சர், கடையில் பாதி அவர்.

என் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து கிடங்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்ததே மட்டாஞ்சேரியில். இதில் வருகிறவர்கள் பலரும் மலையாளத்தில் பேசியதைத்தான் தமிழில் எழுதுகிறேன். என் தமிழும் பாதி மலையாளம்தான், அதையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். சேட்டன், இக்கா என்றால் அண்ணன்; அம்மச்சி, அப்பச்சன் என்றால் அம்மா, அப்பா; மோனே என்றால் மகனே.

இடது பக்கம்

ராமநாதய்யர் மிளகு புரோக்கர். பாலக்காட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் சாமி. வட்டமாக நின்று விலையைக் கத்திக் கத்தி வியாபாரம் நடக்கும் கூடத்தில் முப்பது வருஷமாக நின்றவர். அவருடைய அம்பாசடரில் இடது ட்வீட்டர் செத்துவிட்டது என்று வந்தார். எனக்கு நன்றாகவே கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. ஒயரை மாற்றினேன். உப்புக் காற்றில் துரு ஏறியிருக்குமோ என்று முனைகளைச் சுரண்டினேன். வலதை இடதாகவும் இடதை வலதாகவும் மாற்றினேன். நாலாம் தடவை வந்தபோது இடது ட்வீட்டரை டாஷ்போர்டு நடுவிலேயே கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். "இப்போ கொஞ்சம் தேவலை. ஆனா இடது இல்லை" என்றார்.

எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. "சாமி, சீட்டில் திரும்பிப் பின்பக்கமாப் பார்த்து உட்காருங்கோ" என்றேன். கனத்த உடம்பு, சிரமப்பட்டு முட்டி போட்டுத் திரும்பினார். பாட்டை இடது ட்வீட்டரில் மட்டும் விட்டேன். "ஆங், இது பேஷாக் கேக்கறதே" என்றார். வலதில் மட்டும் விட்டேன். "ஏன் நிறுத்திட்டே?" என்றார். செத்துப்போனது ட்வீட்டர் இல்லை, அவருடைய இடது காது. பத்து நாள் முன்பு, இடது பக்கமிருந்து ஒருவர் கூவிய விலையைத் தான் கவனிக்காமல் விட, கூடமே தன்னைப் பார்த்துச் சிரித்ததை மெதுவாகச் சொன்னார். தூங்கிவிட்டேன் என்று சமாளித்தாராம். பிறகு இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"ஸ்பீக்கர்தான் கேடு, நீ மாத்திக் குடுத்துட்டே. வேற ஒண்ணும் ஆருக்கும் தெரியப்படாது, கேட்டயா?"

மூன்று துளை

இது முழுக்க என் தப்பு. ஒரு பல் டாக்டர், வருஷக்கணக்கில் பதிவு செய்து காத்திருந்து வாங்கிய புத்தம்புதுச் சின்னக் காரைக் கொண்டுவந்தார். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ட்வீட்டரை முதலில் மெழுகால் ஒட்டிக் கேட்டுப் பார்த்து, பிறகுதான் துளை போடவேண்டும். அன்றைக்கு என்ன அவசரமோ, நேராக டாஷ்போர்டின் மேல் டிரில்லை வைத்தேன். சத்தம் முன்கண்ணாடியில் மோதித் திரும்பி, ஒவ்வொரு 'ஸ'வும் ஊசியாகக் குத்தியது. கொஞ்சம் தள்ளி இரண்டாவது துளை. அங்கே உள்ளே இரும்புச் சட்டம், ட்வீட்டர் இறங்கவில்லை. கதவு மூலையில் மூன்றாவது. அது சரியாக உட்கார்ந்தது.

டாக்டர் கத்தியிருந்தால் தேவலை. பக்கத்தில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்று துளையையும் குனிந்து பார்த்தார். விரலை விட்டு ஆழம்கூடப் பார்த்தார். முதல் இரண்டையும் வர்கீஸ் சேட்டன் கறுப்பு ரப்பர் வைத்து அடைத்தார். அது இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டு, கதவைப் பூப்போலச் சாத்திவிட்டு டாக்டர் சொன்னார்:

"இதையே நான் ஒருத்தர் வாயில செஞ்சிருந்தா, நாளைக்கு க்ளினிக்கைத் திறக்க எனக்குத் தைரியம் வராது."

முன் சீட்டுக்கு மட்டும்

அலியாரிக்கா ஆஸ்பத்திரி வாசல் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டியவர். அவர் காரில் ட்வீட்டர் இரண்டும் பின் சீட்டுக்குப் பின்னால், கண்ணாடியோரம் இருந்தன. சவாரிக்காரர்களுக்காக வைத்தது. அவற்றை முன்னால் கொண்டுவந்து, தன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வைக்கவேண்டும், பின் சீட்டுக்கு ஒரு துளிகூடப் போகக்கூடாது என்றார். அது லேசில் முடிகிற காரியம் இல்லை. வர்கீஸ் சேட்டனைப் பின்னால் உட்காரவைத்து, "கேக்குதா?" "கேக்குது", "இப்போ?" "கொஞ்சம்" என்று ஒரு பகல் முழுவதும் போனது. கடைசியில் ஒன்றே ஒன்றை அவர் தலைக்குப் பக்கத்தில், கதவுத் தூணில், காதைத் தொடுகிற தூரத்தில் வைத்தேன். வால்யூமை முணுமுணுப்புக்குக் குறைத்தால் அவருக்கு மட்டும் கேட்டது. எதற்கு இவ்வளவு பாடு, பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினால் என்ன என்று நான் கேட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வெறுங்கையா வீட்டுக்குப் போறவங்க பின்னாடி அழுதுட்டு வருவாங்க, அவங்களுக்குப் பாட்டுப் போட முடியாது; அந்த அழுகையை மட்டும் கேட்டுட்டு ஓட்ட எனக்கும் முடியாது, மோனே."

சாயா

ஒரு மத்தியானம் ஒரு ஆள் நொண்டி நொண்டி வந்தார். செல்வம் என்று பேர், கம்பத்துப் பக்கம். சந்தையில் மூட்டை தூக்கியவர். மூட்டை சரிந்து காலில் விழுந்ததிலிருந்து வேலை இல்லை. "அண்ணே, தமிழ்க் கடைன்னு சொன்னாங்க. இதை எடுத்துக்குவீங்களா?" என்று துண்டைப் பிரித்தார். உள்ளே இரண்டு ட்வீட்டர்கள், மர வளையத்தோடு பிய்த்து எடுத்தவை. வளையத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பக்கத்து மரக்கடை முதலாளியின் காரில் நான் மாட்டியவை. முதலாளி ரொம்பக் குள்ளம், அவர் காதுக்கு ஏற்ற மாதிரி வழக்கத்தைவிடச் சாய்வாக வர்கீஸ் சேட்டன் அறுத்துக் கொடுத்தது. ஒரு திருகாணியின் தலையை நான் கெடுத்திருந்தேன். அதுவும் அப்படியே இருந்தது.

என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. திருப்பிக் கொண்டுபோய் வை என்று சொல்லியிருக்கலாம். வாங்கி வைத்துக்கொண்டு நானே முதலாளியிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் திருட்டுச் சாமான் என் கடையில் இருந்தால் என்ன பேச்சு வரும் என்ற பயம் முந்திக்கொண்டது. "உட்காருங்க, சாயா குடிச்சுட்டுப் பேசலாம்" என்றேன். வர்கீஸ் சேட்டனிடம் கண்ணைக் காட்டினேன். அவர் சாயாவைச் சொல்லிவிட்டு, அப்படியே மரக்கடைக்கு நடந்தார். செல்வம் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போல. ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள் என்றார். நான் தலையாட்டிக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி நாலு பேரோடு வந்தார். போலீசைக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர்கள் கூப்பிடவில்லை. கிடங்குச் சுவரோரம் வைத்து அடித்தார்கள். கெட்ட காலிலேயே அடித்தார்கள். நானும் வர்கீஸ் சேட்டனும் நடுவில் போய் விழுந்து தடுக்கிறதற்குள் செல்வம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் ட்வீட்டரைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனபிறகு, நான் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, துண்டைத் தேடி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாயா வாங்கிக் குடுக்காமக் காட்டிக் குடுத்திருக்கலாம்ணே."

மகனின் குரல்

குஞ்ஞப்பன் சேட்டன் தோப்பும்படிக்காரர், படகு ஓட்டி ஓய்ந்தவர். மகன் பாபு கல்ஃபில். அவன்தான் அப்பாவுக்குப் பழைய அம்பாசடர் ஒன்று வாங்கிக் கொடுத்து, கூட வேலை செய்யும் கூட்டுக்காரன் ஒருவன் கையில் ஸ்டீரியோவும் கொடுத்தனுப்பினான். கடிதம் எழுத அவனுக்குச் சோம்பல். மாதம் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவான். அப்போது நிறைய வீடுகளில் அதுதான் வழக்கம். அவர் வீட்டில் வேறு டேப் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, புருஷனும் மனைவியும் வாசலில் நிற்கிற காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு மகன் பேசுவதைக் கேட்பார்கள். கார் நகராது.

அவர் என்னிடம் சொன்ன குறை இதுதான்: "குரல் கதவுக்கு அடியிலேர்ந்து வருது. மகன் என் காலடியில கிடந்து பேசுற மாதிரி இருக்கு. எனக்கு அது பிடிக்கலை." ஞாயம்தான். ட்வீட்டர் இரண்டையும் மேலே கொண்டுவந்து, டாஷ்போர்டின் இரு மூலையிலும் மெழுகில் நிறுத்தி, அவர் உட்கார்ந்த உயரத்துக்குத் திருப்பினேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து புதிதாக வந்த கேசட்டை எடுத்துக் கொடுத்தார். குரல் முன்கண்ணாடிக்கு நடுவில் எழுந்து நின்றது. எதிரில் ஒருவன் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே. "அம்மச்சிக்கு முட்டுவலி எப்படி? மழை வந்ததா? இங்கே எனக்கு..." என்று பேச்சு ஓடியது. குஞ்ஞப்பன் சேட்டன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"இங்கே எனக்கு" என்ற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் கேட்டபோது அது வெறும் டேப் இரைச்சலாகத்தான் இருந்திருக்கிறது. இப்போது, அந்த இடைவெளிக்குள், வேறொரு ஆள் ரகசியமாகச் சொல்வது சுத்தமாகக் கேட்டது: "சுகமாணெந்நு பறயெடா." சுகமா இருக்கேன்னு சொல்லுடா. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு பாபுவின் குரல், "எனக்கு ஒரு குறைவும் இல்லை அப்பச்சா, பரம சுகம்."

அவர் கையை நீட்டி, பின்னால் ஓட்டி, இன்னொரு முறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வர்கீஸ் சேட்டன் வேலையை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். யாரிடமாவது விசாரிக்கலாமே, அங்கே இருக்கிற கூட்டுக்காரனுக்கு எழுதலாமே என்று நான் என்னென்னவோ சொன்னேன். "எழுதறேன்" என்றார். பிறகு கேசட்டை வெளியே எடுத்து, நாடாவைச் சுண்டுவிரலால் இறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். ட்வீட்டரைத் தானே மெழுகிலிருந்து பிடுங்கி என் கையில் வைத்தார்.

"பழைய இடத்துக்கே மாத்திடு மோனே, ஞாயித்துக்கிழமை அவ கேக்கணும், அங்கே கீழே அவன் சுகமா இருந்தான்."

இப்படியாக, தெளிவாகக் கேட்கவேண்டும் என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேரை வந்தபோது இருந்ததைவிடச் சங்கடத்தோடு திருப்பி அனுப்பியதைத்தான் நான் இத்தனை வருஷமாகத் தொழில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.