வறுத்த மணல்

மேடையில் நான் சொன்ன முதல் பொய் என் கால் பெருவிரலைப் பற்றியது.

தீப்பெட்டி பண்டல் ஏற்றிய லாரியின் மேல் நின்று தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து விழுந்தவன் நான். தண்டுவடம் நசுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. இரண்டு வருடம் சுவரைப் பார்த்துக் கிடந்துவிட்டு சக்கர நாற்காலியில் வெளியே வந்தேன். தாலுகா ஆபீசுக்குச் சாய்தளம் கேட்டு மனு மேல் மனுவாகப் போட்டேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக் கதவை அகலமாக்கச் சொல்லிச் சண்டை பிடித்தேன். வாய் நீளம் என்று பெயர் வாங்கியதும், கோவில்பட்டிப் பக்கத்துக் கல்லூரிகளில் தன்னம்பிக்கைப் பேச்சுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முதல் கூட்டங்களில் உள்ளதைத்தான் சொன்னேன். நரம்பு திரும்பாது என்றார் டாக்டர், திரும்பவில்லை, இப்படியே வாழப் பழகிக்கொண்டேன் என்று. பிள்ளைகள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு நாள் என்ன நினைத்தேனோ, "எங்கம்மா தினமும் மணலை வறுத்துக் காலுக்கு ஒத்தடம் கொடுத்தாங்க. நாற்பதாம் நாள் என் பெருவிரல் அசைந்தது" என்றேன். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

என் அம்மா ஒரு நாள்கூட ஒத்தடம் கொடுத்ததில்லை. விரல் அசைந்தது மட்டும் நிஜம். அதற்குப் பெயர் இழுப்பு. எங்களைப் போன்றவர்களுக்குக் கால் தானாகத் துள்ளும், சொல்பேச்சுக் கேட்காது. அது குணமாவதன் அறிகுறி இல்லை என்று டாக்டர் முதல் வாரமே சொல்லிவிட்டார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். நான் பொருந்தத்தான் சொன்னேன், அதுதான் வினையாகிப் போனது. அதற்குப் பிறகு நான் பேசிய கூட்டத்திலெல்லாம் அந்த மணல் வந்தது. யாரோ அதை வீடியோ எடுத்துப் பரப்பியும் விட்டார்கள்.

கழுகுமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பேசி முடித்த அன்றைக்குத்தான் அந்த அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, என் மவன் கட்டட வேலைல சாரத்துல இருந்து விழுந்து ஏழு மாசமாச்சு. உங்க வீடியோவப் பாத்துட்டு, நீங்க சொன்ன மாதிரியே ஒத்தடம் குடுக்குதேன். விரலு அசையுது! ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

"எத்தன நாளா குடுக்கீங்கக்கா?"

"மூணு வாரமா. மொதல்ல லேசா அசைஞ்சுது. இப்பம் காலே துள்ளுது."

உணர்ச்சியில்லாத உடம்பில் எங்காவது புண்ணோ காயமோ வந்தால் அந்த உடம்பால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. இழுப்பைத்தான் கூட்டும். அந்த இடத்திலேயே "நிறுத்துங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் கூட்டம் நடத்தியவர்கள் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். "நாளைக்கு வாரேன்க்கா" என்றேன். அன்று மாலை ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை, அவர் ஒத்தடம் கொடுத்திருக்கிறார். அதற்கு நான்தான் பொறுப்பு.

மறுநாள் ஆட்டோவில் போனேன். இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த கரிசல், கால் வைத்தால் உள்ளே போகிற மாதிரி வெடித்துக் கிடந்தது. வாசலில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரும்புச் சட்டியில் ஓடை மணல். எனக்காகத்தான் வறுக்கிறார், நேரிலேயே காட்டுவதற்காக. உள்ளேயிருந்து வந்த வாடை என்னவென்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் படுக்கைப் புண் அழுகிப்போன பக்கத்துக் கட்டில்காரரிடம் அடித்த அதே வாடை.

முப்பது வயதிருக்கும் அந்த மகனுக்கு. அந்த வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். கம்பளிக்குள் இரண்டு கால்களும் வெட்டி வெட்டித் துள்ளின.

"பாருங்க, பாருங்க!" என்றார் அம்மா.

கம்பளியை விலக்கினேன். கெண்டைக்கால் முழுக்க உடைந்த கொப்புளங்கள். இடது குதிகால் கறுத்துப் போயிருந்தது.

"கெட்ட நீரு இறங்குது அண்ணாச்சி. கொப்புளம் உடைஞ்சா நல்லதுன்னு பக்கத்து வீட்ல சொன்னாவ" என்று சொல்லிவிட்டு எனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனார்.

மகன் என் கையைப் பிடித்தார். கை கொதித்தது. "எனக்கும் வாடை தெரியுது அண்ணாச்சி. அம்மாட்ட சொல்லிராதீங்க. அவுங்க உசிரு இதுலதான் நிக்குது."

சொல்லாவிட்டால் இவர் செத்துப்போவார். சொன்னால், பிள்ளையின் காலைத் தன் கையாலேயே வேக வைத்தோம் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். பாதி வழி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

செம்போடு வந்தவரிடம், "அடுப்ப அணைங்கக்கா. இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றேன்.

"அசையுதுல்லா அண்ணாச்சி?"

"கால் வெந்து போச்சு. அதான் துள்ளுது."

"உங்களுக்கு உங்கம்மா குடுத்தாவளே?"

"குடுக்கலக்கா. நான் பொய் சொன்னேன்."

அவர் செம்பைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"கை தட்டுனாங்க" என்றேன்.

"நானும்தான் தட்டுனேன்" என்றார். செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அடுப்பில் கவிழ்த்தார்.

மகன் பிழைத்துக்கொண்டார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் இப்போது இதைத்தான் மேடையில் சொல்கிறேன். கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், குறையட்டும். வீடியோவைப் போட்டவரைத் தேடிப்பிடித்து, கெஞ்சி எடுக்க வைத்தேன். அதற்குள் அது எத்தனை வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போயிருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தாலே எனக்குப் பயம்.

போன வாரம் ஒரு பெண் பேசினார். சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். வீட்டுக்காரர் கிணற்றில் விழுந்து இடுப்புக்குக் கீழே வராமல் போய்விட்டதாம். குரலில் அத்தனை மரியாதை.

"நாப்பது நாள் தாண்டிருச்சு அண்ணாச்சி. விடாமத்தான் குடுக்குதேன், இன்னும் அசையக் காணோம். சூடு பத்தலையோ?"